நிறுவல் முன்னொட்டு

மூலநிரலிலிருந்து மென்பொருளைக் கட்டுவோர், அதன் கோப்புகள் எந்த அடைவின்கீழ் சேர வேண்டும் என்று முன்கூட்டியே குறித்துக் கொடுக்கும் பாதை. புழக்கத்தில் ‘பிரிஃபிக்ஸ்’. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் இதன்கீழ் நிரல்கள் ‘பின்’ அடைவிலும், லைப்ரரிகள் ‘லிப்’ அடைவிலும், ஹெடர் கோப்புகள் ‘இன்க்ளூட்’ அடைவிலும் அமையும். பாதை தரப்படாவிட்டால் பெரும்பாலும் ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்’ கொள்ளப்படும். அங்கே எழுதப் பொதுவாக நிர்வாகி உரிமை வேண்டும். பல்கலைக்கழகக் கணினியில் சாதாரணப் பயனர் கணக்கு மட்டுமே உள்ள மாணவர் தமக்கு வேண்டிய பதிப்பைத் தம் சொந்த அடைவிலேயே கட்டிக்கொள்ள, பாதையைக் குறித்துக் கொடுக்கும் இம்முறை இடம் தருகிறது.

வரலாறு

பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை வளர்த்த 1970களின் தொடக்கத்தில், இயங்குதளம் முதல் வட்டில் அடங்காமல் பயனர் கோப்புகளுக்கென ஒதுக்கிய இரண்டாம் வட்டுக்குப் பரவியது. ‘யூஎஸ்ஆர்’ என்ற அந்த அடைவில் இன்னொரு ‘பின்’னும் இன்னொரு ‘லிப்’பும் தோன்றின. நாளடைவில் அது இயங்குதளத்துக்கே உரியதாகிவிட, அந்தந்த நிலையத்தார் தாமே சேர்க்கும் மென்பொருளுக்கு ‘லோக்கல்’ என்ற தனியிடம் வகுக்கப்பட்டது.

அக்காலத்தில் பாதையை மாற்ற, கட்டும் வழிமுறைகள் அடங்கிய ‘மேக்ஃபைல்’ கோப்பைக் கையால் திருத்த வேண்டியிருந்தது. பெர்ல் மொழியை ஆக்கிய லேரி வால் முதலானோரின் ‘மெட்டாகான்ஃபிக்’ கருவி இத்தகைய விவரங்களைக் கேள்விகளாகக் கேட்டு விடை வாங்கியது. 1991 கோடையில், குனு கருவிகள் பலவற்றைப் பராமரித்துவந்த டேவிட் மெக்கென்சி ‘ஆட்டோகான்ஃப்’ பணியைத் தொடங்கினார். அது உருவாக்கும் ‘கான்ஃபிகர்’ நிரல் எதையும் கேட்பதில்லை. கட்டளை வரியில் ‘--பிரிஃபிக்ஸ்’ என்று பாதையைக் கொடுத்தால் போதும். இந்த எளிமை இம்முறை நிலைபெற உதவியது. பாப் கிளிக்ஸ்டைன் எழுதிய ‘ஸ்டோ’ என்ற கருவி, ஒவ்வொரு மென்பொருளையும் தனி அடைவில் வைத்து, பொது அடைவில் குறியிணைப்புகளை மட்டும் இடும் வழக்கத்தைப் பரப்பியது.

சார்புகள்

தனிப்பாதையில் கட்டும்போது பெரும்பாலான இடர்கள் சார்பு லைப்ரரிகளில்தான் எழுகின்றன. கெய்ரோ வரைகலை லைப்ரரிக்கு லிப்பிஎன்ஜி வேண்டும்; அதற்கு ஸீலிப் வேண்டும். எனவே ஸீலிப்பிலிருந்து தொடங்கி வரிசையாகக் கட்டி, ஒவ்வொரு படியிலும் ஹெடர்கள், லைப்ரரிகள், ‘பிகேஜி-கான்ஃபிக்’ கருவி படிக்கும் விவரக் கோப்புகள் ஆகியவை இருக்குமிடத்தை அடுத்ததற்குச் சொல்ல வேண்டும். ஒன்றை விட்டாலும் கம்பைலர் இயங்குதளத்தின் பழைய பதிப்பை எடுத்துக்கொள்ளக்கூடும். புதிய ஹெடரும் பழைய லைப்ரரியும் கலந்தால், பிழையின்றிக் கட்டி முடிந்த நிரலும் ஓடும்போது விழலாம்.

ஓடும் நேரத்திலும் லைப்ரரி கண்டுபிடிக்கப்பட வேண்டும். ‘எல்டி-லைப்ரரி-பாத்’ என்ற சூழல் மாறி, அது அமைந்த முனையத்திலிருந்து தொடங்கும் எல்லா நிரல்களையும் பாதிக்கும். ஆகவே பாதையை நிரலுக்குள்ளேயே பதிக்கும் ‘ஆர்பாத்’ முறை பெரும்பாலும் ஏற்றது. பாதை இவ்வாறு உள்ளே பதிந்துவிடுவதால், கட்டி முடித்த அடைவைப் பிறகு வேறிடத்துக்கு நகர்த்தினால் நிரல் இயங்காமல் போகலாம். பொதி தயாரிப்போர் பயன்படுத்தும் ‘டெஸ்ட்டிர்’ என்ற மாறி வேறு: அது கோப்புகளைத் தற்காலிகமாக ஓரிடத்தில் வைக்க மட்டுமே, நிரலுக்குள் பதிவதில்லை.

இன்றைய நிலை

நிக்ஸ், ஸ்பேக் போன்ற கருவிகள் ஒவ்வொரு கட்டுக்கும் தனிப்பாதையைத் தாமே அமைக்கின்றன. மென்பொருள் நிறுவும் ‘ஹோம்ப்ரூ’ கருவி ஆப்பிள் சிலிக்கான் கணினிகளில் ‘/ஆப்ட்/ஹோம்ப்ரூ’ அடைவைப் பயன்படுத்துகிறது.