காலதரும் கண்ணாடியும்: புத்தளக் கரையோரப் பழைய மனைகளின் சாளரங்கள்

சாளரத்தைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள் பல. அவற்றுள் காலதர் என்பது காற்று வரும் வழி எனப் பொருள்படும். கால் என்பது காற்று, அதர் என்பது வழி. சிலப்பதிகாரத்தில் இச்சொல் ஆளப்பட்டுள்ளது. பலகணி என்பது பல கண்களை உடையது. இலங்கைத் தமிழர் நாவில் பயிலும் யன்னல் என்பதோ போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு. ஒளியையும் காட்சியையும் விடுத்துக் காற்றையே முதன்மையாகக் கொண்டு பெயரிட்ட முன்னோர் மதிநுட்பம், புத்தளக் கரையோரத்துப் பழைய வீடுகளை நோக்குவார்க்கு இனிது விளங்கும்.

மேற்கே கடலுக்கும் கிழக்கே களப்புக்கும் நடுவே வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் மணல்நிலம் கற்பிட்டிக் குடாநாடு. கிடுகினால் அமைந்த குடிலுக்கு இங்கே சாளரம் வேண்டுவதில்லை. சுவரே காற்றை உள்ளே விடும். கற்சுவர் எழுந்தபோதே சாளரமும் இன்றியமையாததாயிற்று. 1667ஆம் ஆண்டளவில் கற்பிட்டியிற் கோட்டை கட்டத் தொடங்கிய ஒல்லாந்தர் குளிர்நாட்டினர். அவர்தம் தாயகத்திற் சாளரத்தின் தொழில் மெலிந்த வெயிலை வீட்டினுள் வரவேற்பது. இலங்கையிலோ அவர்கள் தடித்த சுவரும், உயர்ந்த கூரையும், அகன்ற விறாந்தையும், மரக்கதவிட்ட நெடிய சாளரமும் அமைத்தனர். வெயில் அவர்களுக்குக் கற்பித்த பாடம் அது. 1795இல் கோட்டை ஆங்கிலேயர் கைப்பட்டது. அவர்கள் காலத்தில், சாய்வாக அடுக்கிய மெல்லிய பலகைகளாலான சாளரக்கதவு இலங்கையெங்கும் பெருவழக்காயிற்று.

இக்கதவின் அருமையை அறியக் கரையோரத்தின் இயல்பை அறிதல் வேண்டும். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து வீசுகின்றது. பிற்பகல் வெயிலும் மேற்கிலிருந்தே வருகின்றது. வேண்டிய காற்றும் வேண்டாத வெயிலும் ஒரே திசையில் வருமாயின் சாளரத்தைத் திறப்பதா, மூடுவதா? சாய்பலகைக் கதவு இரண்டையும் ஒருங்கே செய்கின்றது. வெளிப்புறம் தாழச் சாய்ந்த பலகைகள் வெயிலைத் தடுக்கும். இடைவெளிகள் காற்றை விடும். வெப்பம் சுவருக்கு வெளியிலேயே நிறுத்தப்படுவதும் இதன் சிறப்பாகும்.

கண்ணாடியின் செய்கை இதற்கு நேர்மாறானது. மூடிய கண்ணாடி காற்றைத் தடுத்து வெயிலை விடுகின்றது. வெறுங் கண்ணாடி தன்மேற் படும் ஞாயிற்றின் வெப்பத்தில் நூற்றுக்கு 80க்கு மேற்பட்ட பங்கை உள்ளே செலுத்தும். பழைய சாளரத்தைப் பெயர்த்து அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் பொருத்துவோர், அடுத்த கோடையிற் குளிரூட்டியும் வாங்க நேர்வது இதனாலேயே. அதற்கு வேண்டும் மின்சாரத்திற் கணிசமான பங்கை ஈவது, அதே குடாநாட்டில் 2011இல் இயங்கத் தொடங்கி 2014இல் 900 மெகாவாற்று அளவுக்கு வளர்ந்த நுரைச்சோலை நிலக்கரி நிலையம். காற்றை அடைத்துவிட்டுக் கரியை எரிப்பது விந்தையன்றோ?

ஐரோப்பாவில் இரட்டைக் கண்ணாடி இடுகின்றனரே எனச் சிலர் வினவுவர். இலண்டனில் மாரிக்காலத்து வீட்டின் உள்ளும் புறமும் வெப்பம் 20 பாகை வரை வேறுபடக்கூடும். உள்வெப்பம் கசியாதிருக்க இரட்டைக் கண்ணாடி உதவும். கற்பிட்டியில் திறந்த வீட்டின் உள்ளும் புறமும் அத்தகைய வேற்றுமை இல்லை. மேலும், அந்நாடுகளிலும் பழம்பெரும் மனைகளில் மூலச் சாளரத்தைப் பெயர்க்காது, உட்புறத்தே இன்னொரு கண்ணாடிச் சட்டம் சேர்ப்பதே பலராலும் விரும்பப்படும் முறையாகும்.

பழைய சாளரத்திற் குறையே இல்லை என்பதன்று. நுளம்பு வரும், மணலும் உப்பீரமும் வரும், இரும்புப் பிணைச்சல் துருவேறி இறுகும். இவற்றுக்கு மாற்று உண்டு. உட்புறத்தே கழற்றி மாட்டத்தக்க வலைச்சட்டம் இடலாம். காற்று சிறிது குறையும், ஆயினும் நில்லாது. இரும்பை நீக்கிப் பித்தளைப் பிணைச்சல் பொருத்தலாம். உளுத்த பலகையை மட்டும் கழற்றி, முதிரையிலோ பாலையிலோ புதியது செய்து இடலாம். கூரையை அடுத்துப் பலகையடித்து மூடிய மேற்றுவாரங்களைத் திறந்தால் சூடேறிய காற்று வெளியேறும். நோயாளரோ முதியோரோ இருக்கும் வீட்டிற் குளிரூட்டி வேண்டப்படின், ஓர் அறைக்கு மட்டும் உட்கண்ணாடி அமைத்துப் புறக்கதவை இருந்தவாறே விடுதல் தகும்.

1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் பாதுகாக்கப்பட்ட சின்னங்களைக் காக்கும். அவ்வரிசையிற் சேராத குடும்ப வீடுகளோ உடையவர் உளப்பாங்கையே நம்பி நிற்கின்றன. பழங்கதவும் சாளரமும் விலைக்குக் கேட்டு வரும் வணிகரிடம் ஒருமுறை கைமாறிய முதிரைச் சட்டம் மீள்வதில்லை. அத்தகைய முதுமரம் இன்று கிடைத்தலும் அரிது.