விதியா, வீதியா? வீதி விபத்துகளின் ஒரு சிறு வரலாறு

வீதி விபத்தில் ஒரு பெடியன் செத்தால் எங்கட ஊர்ச் செத்தவீட்டில் இரண்டு கதைதான் கேட்கும். "விதி, வேறென்ன" என்று ஒருத்தர் தொடங்குவார். "பெடியன் பறந்திருப்பான்" என்று இன்னொருத்தர் மெல்லமாய்ச் சொல்லுவார். அடுத்த நாள் சந்தியில் கண்ணீர் அஞ்சலி பனர் ஏறும். முப்பத்தோராம் நாள் முடிய பனர் கிழிஞ்சு தொங்கும். சந்தி மட்டும் பழையபடியே இருக்கும். அதே வளைவு, அதே இருட்டு, அதே வேகம். பழியைக் கடவுளிலும் போட்டாச்சு, செத்தவனிலும் போட்டாச்சு. வீதியைப் பற்றி ஒருத்தரும் கதைக்கவில்லை.

இந்த இரண்டு பழிகளும் எங்கிருந்து வந்தன? அவற்றை உதறின சனம் எங்கேயாவது இருக்கா? இதைத்தான் நாங்கள் இங்கே கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கப்போகிறோம்.

1896: தற்செயலான மரணம்

1896 ஆகஸ்ட் 17, லண்டன். கிறிஸ்ரல் பலஸ் வளாகத்தில் பிரிட்ஜெட் டிறிஸ்கொல் என்ற 44 வயதுப் பெண் தன் மகளோடு நடந்து போகிறார். அங்கே சனத்துக்கு ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்த மோட்டார் கார் ஒன்று அவரை மோதுகிறது. பிரித்தானியாவில் பெற்றோல் காரில் அடிபட்டு இறந்த முதல் பாதசாரி அவர்தான். தான் மணிக்கு 4 மைல் வேகத்தில்தான் வந்ததாகச் சாரதி சொன்னார். மரண விசாரணையில் ஜூரிகள் கொடுத்த தீர்ப்பு "தற்செயலான மரணம்". இப்படி ஒன்று இனி நடக்கக்கூடாது என்று விசாரணை அதிகாரி சொன்னதாகப் பதிவு இருக்கிறது.

அதே வருடம் நடந்த இன்னொரு விசயத்தையும் சேர்த்துப் பார்க்கவேணும். அதுவரை இங்கிலாந்தில் இயந்திர வண்டிகளுக்கு நாட்டுப்புறத்தில் 4 மைல், நகரத்துக்குள் 2 மைல்தான் வேக எல்லை. வண்டிக்கு முன்னால் ஒரு ஆள் நடந்து போகவும் வேணும். டிறிஸ்கொல் இறந்து மூன்று மாதத்தில், நவம்பரில், புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. பாரம் குறைந்த வண்டிகளுக்கு அந்த ஆள் தேவையில்லை என்றானது. வேக எல்லையை 14 மைல் வரை கூட்ட இடமும் கிடைத்தது. ஒரு வீதியில் எவ்வளவு வேகம் போகலாம் என்பது வானத்திலிருந்து விழுந்ததில்லை, பாராளுமன்றத்தில் இருந்து ஆட்கள் எடுத்த முடிவு. ஆனால் அந்த வேகத்தில் சாகிறவர்களின் கணக்கு மட்டும் "தற்செயல்" என்று எழுதப்பட்டது.

1923: பழி கைமாறிய கதை

அமெரிக்க நகரங்களில் 1920களில் காரில் அடிபட்டுச் செத்தவர்களில் பெரும்பங்கு பாதசாரிகள், அதிலும் நிறையச் சிறுவர்கள். சனம் கொதித்தது. 1923இல் சின்சினாட்டி நகரத்தில், கார்கள் 25 மைலுக்கு மேல் ஓடமுடியாதபடி இயந்திரத்திலேயே ஒரு கருவி பூட்டவேணும் என்று கேட்டு 42,000க்கு மேற்பட்டோர் கையெழுத்து வைத்தார்கள். கார் வியாபாரிகள் பயந்துபோய்ப் பெரிய பிரசாரம் செய்தார்கள். வாக்கெடுப்பில் அந்தக் கோரிக்கை தோற்றது.

அந்தக் காலத்தில் மோட்டார் தரப்பு கையில் எடுத்த ஒரு சொல் 'ஜேவோக்கர்'. 'ஜே' என்றால் அந்தக்கால வழக்கில் பட்டிக்காட்டான். வீதியை நினைத்த இடத்தில் கடக்கிறவன் நாகரிகம் தெரியாத பட்டிக்காட்டான் என்று நக்கலடித்தார்கள். முன்பு வீதி எல்லாருக்கும் சொந்தமாய் இருந்தது. நடக்கிறவன், சாமான் விற்கிறவன், விளையாடுகிற பிள்ளை எல்லாருக்கும் அதில் இடம் இருந்தது. சில வருடங்களுக்குள் அது காரின் இடமாகிவிட்டது. "பார்த்து நடந்திருக்கலாமே" என்று செத்தவனையே குற்றம் சொல்லுகிற பேச்சு வளர்ந்தது இப்படித்தான்.

1972: கொலை என்று பெயர் வைத்தவர்கள்

நெதர்லாந்தை இன்றைக்குச் சைக்கிள் நாடு என்கிறோம். ஆனால் 1950, 60களில் அங்கேயும் கார்களுக்காக வீதிகளை அகலமாக்கினார்கள், சைக்கிள்காரரை ஓரத்துக்குத் தள்ளினார்கள். 1971இல் மட்டும் ஏறத்தாழ 3,300 பேர் வீதிகளில் செத்தார்கள். அவர்களில் 400க்கு மேற்பட்டோர் சிறுவர்கள்.

அப்படி இறந்த ஒரு சிறுமியின் அப்பா விக் லாங்கன்ஹொவ் ஒரு பத்திரிகையாளர். 1972இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பு 'சிறுவர் கொலையை நிறுத்து'. விபத்து என்று அவர் எழுதவில்லை, கொலை என்று எழுதினார். அந்தத் தலைப்பே ஒரு இயக்கத்தின் பெயராகிவிட்டது. பெற்றோர் சேர்ந்தார்கள், பிள்ளைகளும் சேர்ந்தார்கள். ஆட்கள் அடிபட்ட இடங்களில் வீதியை மறித்தார்கள், கூட்டம் கூட்டமாய்ச் சைக்கிள் ஓடினார்கள், தெருக்களை மூடிப் பிள்ளைகளை விளையாடவிட்டார்கள். அம்ஸ்ரர்டாமின் டி பைப் என்ற நெருக்கமான பகுதியில், விளையாட இடம் கேட்டுச் சிறுவர்களே தெருவை மறித்தது ஆவணப்படமாகவும் வந்தது.

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. எரிபொருளை மிச்சம் பிடிக்க அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் காரைத் தடை செய்தது. பெருந்தெருக்களில் சனம் நடந்து திரிந்தது. கார் இல்லாத நகரம் எப்படி இருக்கும் என்று அவர்கள் கண்ணாலேயே கண்டார்கள். 1976இல் 'வோனேர்வ்' என்ற குடியிருப்புத் தெருமுறைக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. அந்தத் தெருக்களில் கார் நடக்கிற வேகத்தில்தான் போகலாம், வீதி நடக்கிறவருக்கும் விளையாடுகிற பிள்ளைக்கும் முதலில் சொந்தம். வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர் பல இடங்களில் எதிர்த்தார்கள். போராட்டம் வருடக்கணக்கில் இழுபட்டது. ஆனாலும் அண்மைய வருடங்களில் அங்கே வீதியில் சாகிறவர்கள் வருடத்துக்கு 700 அளவில்தான். 1971ஐ விட வாகனங்கள் எவ்வளவோ கூடியபிறகும் இந்தக் கணக்கு.

சுவீடன் இன்னும் ஒரு படி போனது. 1997இல் அதன் பாராளுமன்றம் 'பூச்சிய இலக்கு' என்ற கொள்கையை ஏற்றது. மனிசன் பிழை விடுவான், அதை முற்றாய் மாற்றேலாது. ஆனால் ஒரு பிழைக்கு உயிரை விலையாகக் கேட்காத மாதிரி வீதியை அமைக்கவேணும் என்பதே அதன் சாரம். இதற்குப் பின்னால் சாதாரண பௌதிகவியல்தான் இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும். 30இல் அடிபட்டவர் பெரும்பாலும் எழும்புவார். 60இல் அடிபட்டவர் சாகிற ஆபத்து அதைவிடப் பல மடங்கு கூட.

எங்கட பக்கம்

இலங்கையின் மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டினது. கொரோனாவுக்கு முந்திய வருடங்களில் நாட்டில் வருடத்துக்கு 3,000 பேர் அளவில் வீதிகளில் இறந்தார்கள். நாளுக்கு எட்டுப் பேர். 2025 மே மாதம் கொத்மலையில் கரண்டி எல்லப் பகுதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தபோது நாடே பேசியது. ஒவ்வொரு நாளும் தனித்தனியாய்ச் சாகிற எட்டுப் பேருக்கு யார் பேசினது?

வடக்கில் போருக்குப் பிறகு ஏ9 காப்பெற் போட்டு மினுங்கியது. வருடக்கணக்காய்ப் பூட்டிக் கிடந்த வீதி திறந்தது எல்லாருக்கும் சந்தோசம்தான். ஆனால் பள்ளிக்கூடமும் கோயிலும் சந்தையும் அந்த வீதியோரம்தான் இருக்கின்றன. நடந்தும் சைக்கிளிலும் போகிற சனத்துக்கு நடுவால் வேகத்துக்கென்று ஒரு வீதி ஓடுகிறது. லீசிங்கில் எடுத்த மோட்டார் சைக்கிளும், நித்திரை முழித்து ஓடுகிற சாரதியும், லைற் இல்லாத வண்டியும், கட்டாக்காலி மாடும் அதே வீதியில்தான். ஒரு உழைப்பாளி போனால் வீட்டில் மிஞ்சுவது துக்கம் மட்டுமில்லை. பிள்ளையின் படிப்பு நிற்கும், கட்டவேண்டிய கடன் நிற்காது. உயிர் தப்பி முள்ளந்தண்டு அடிபட்டவரைப் பார்க்கிற வேலை பெரும்பாலும் அம்மாவுக்கோ மனைவிக்கோதான்.

ஹெல்மெட் வேண்டாம், குடித்துவிட்டு ஓடலாம் என்று நாங்கள் சொல்லவரவில்லை. வேகமாய் ஓடுகிற நண்பனைப் பிடித்து நிறுத்தவேண்டிய கடமை எங்களுக்கும் இருக்கிறது. ஆனால் ஒரே வளைவில் மூன்றாவது ஆளும் விழுந்தபிறகும் "பெடியள் சரியில்லை" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், நாலாவது ஆளுக்கு நாங்களும் பொறுப்பு.

ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குக் கீழே வருகின்றன. மாகாண வீதிகளுக்குத் தனித் திணைக்களம் இருக்கிறது. உள்வீதிகள் பிரதேச சபைக்கோ நகர சபைக்கோ சொந்தம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எங்களுக்கும் உரியதுதான். உங்கட ஊர்ச் சந்தியில் கடந்த ஐந்து வருடத்தில் எத்தனை விபத்து, அதற்குப் பிறகு என்ன திருத்தம் செய்தார்கள் என்று பொலிசிடமும் வீதிக்குப் பொறுப்பான அலுவலகத்திடமும் எழுதிக் கேட்கலாம். பதில் வந்தால் அதை வைத்து வெள்ளைக் கோடு, வேகத்தடை, தெருவிளக்கு கேட்கலாம். வராவிட்டால் முதலில் அந்த அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், பிறகு ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். அடுத்த பனருக்குக் காசு சேர்க்கமுதல் இந்தக் கடிதத்தை எழுதுவோம்.