மோட்டார் சைக்கிளில் கார் டயர்

நெடுந்தூரப் பயணத்துக்கான கனமான மோட்டார் சைக்கிள்களின் பின் சக்கரத்தில் கார் டயரைப் பொருத்தும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. அமெரிக்கப் பயணிகள் இதற்கு 'டார்க் சைடு' என்று பட்டப்பெயர் வைத்துள்ளனர். டயர் நீண்ட நாள் உழைக்கும், செலவு குறையும் என்பது இதை ஆதரிப்போர் கூறும் காரணம். இரண்டு டயர்களும் ஏன் வெவ்வேறு வடிவம் பெற்றன என்பதை அறிந்தால், இந்த மாற்றத்தின் ஆபத்தும் விளங்கும்.

பொதுவான தொடக்கம்

காற்றடைத்த டயருக்கு 1845இல் ராபர்ட் வில்லியம் தாம்சன் காப்புரிமை பெற்றார். அது புழக்கத்துக்கு வரவில்லை. 1888இல் ஜான் பாய்டு டன்லப் மிதிவண்டிக்காக அதை மீண்டும் உருவாக்கினார். 1894இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த ஹில்டெபிராண்டு - வுல்ஃப்முல்லர் மோட்டார் சைக்கிளில் காற்றடைத்த டயர் இருந்தது. அடுத்த ஆண்டே பாரிஸ் - போர்டோ - பாரிஸ் பந்தயத்தில் மிஷலின் சகோதரர்கள் காரில் அதைப் பயன்படுத்தினர்.

பிரிந்த வழிகள்

கார் திரும்பும்போது அதன் சக்கரங்கள் ஏறத்தாழ நிமிர்ந்தே நிற்கும். ஆகவே தரையில் அகலமாகப் படியும் தட்டையான டயர் அதற்கு ஏற்றது. 1940களின் இறுதியில் மிஷலின் கொண்டுவந்த ரேடியல் டயர், எஃகுப் பட்டைகளால் இந்தத் தட்டைத்தன்மையை மேலும் உறுதியாக்கியது. மோட்டார் சைக்கிளோ சாய்ந்துதான் திரும்பும். எவ்வளவு சாய்ந்தாலும் ரப்பர் சீராகத் தரையைத் தொட, அதன் டயர் வட்டமான குறுக்குவெட்டு கொண்டிருக்க வேண்டும். ரேடியல் முறை மோட்டார் சைக்கிளுக்கு 1980களில்தான் வந்தது.

சைடுகார் பூட்டிய வண்டி இதற்கு விலக்கு. மூன்று சக்கரத்தில் ஓடும் அது சாய்வதில்லை. எனவே அத்தகைய வண்டிகளில் கார் டயர் பொருந்துகிறது.

கோல்டு விங்

1974இல் ஜெர்மனியின் கொலோன் கண்காட்சியில் ஹோண்டா, கோல்டு விங் வண்டியை அறிமுகம் செய்தது. பின்னர் வந்த மாதிரிகள் இன்னும் கனமாயின. எடையும் இழுவிசையும் பின் டயரை விரைவில் தேய்த்தன. பின்னர் வந்த பல மாதிரிகளின் பின் சக்கரம் 16 அங்குலம். கார்களிலும் அது வழக்கமான அளவு. இந்த ஒற்றுமையே பலரை மாற்றத்துக்குத் தூண்டியது. ஆனால் விட்டம் ஒன்றாக இருந்தாலும், டயரின் விளிம்பு அமரும் பகுதி இருவகை ரிம்களிலும் ஒரே வடிவமல்ல. விளிம்பை இருக்கையில் அமர்த்த அளவுக்கு மீறிக் காற்றடித்தால் டயர் வெடிக்கக்கூடும். வண்டி சாயும்போது கார் டயர் தன் ஓரத்தில் ஏறி நிற்கிறது, கைப்பிடி கனக்கிறது.

இந்திய விதிகள்

இந்தியத் தர நிர்ணயத்தில் இரு, மூன்று சக்கர வாகன டயருக்கு ஐஎஸ் 15627, பயணிகள் கார் டயருக்கு ஐஎஸ் 15633 எனத் தனித்தனித் தரங்கள் உள்ளன. தேய்மான வரம்பும் வேறு: இரு சக்கர வாகன டயரில் பள்ளத்தின் ஆழம் குறைந்தது 0.8 மில்லிமீட்டரும், காரில் 1.6 மில்லிமீட்டரும் இருக்க வேண்டும்.

குருபரப்பள்ளி வழியே

ஓசூர் இருசக்கர வாகனத் தொழிலின் முக்கிய மையம். 1980இல் டிவிஎஸ் 50 இங்கிருந்துதான் வெளிவந்தது. 2013இல் டிவிஎஸ் நிறுவனமும் பிஎம்டபிள்யூ நிறுவனமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 310 சிசி வண்டிகளும் இங்கே தயாராகின. பெங்களூருவிலிருந்து தெற்கே செல்லும் பயணிகள் ஓசூர், சூளகிரி, குருபரப்பள்ளி, கிருஷ்ணகிரி வழியாகத் தேசிய நெடுஞ்சாலை 44இல் சேலம் நோக்கிப் போகிறார்கள். இத்தகைய நேர்ச்சாலையில் நெடுந்தூரம் ஓடினால் வட்டமான டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகும். கார் டயர் போட்டால் என்ன என்ற எண்ணம் எழுவது இங்கேதான்.

ஆனால் அதே பயணம் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலோ கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ முடியலாம். நேர்ச்சாலையில் மிச்சப்படுத்திய பணத்துக்கு அங்கே ஒவ்வொரு வளைவிலும் ஈடு கேட்கப்படும்.