கணக்குப் போடும் முன் படம் போடு! - ஆர் மொழியின் கதை

ஆர் என்ற புள்ளியியல் நிரல் மொழியைக் கணினியில் நிறுவினால், கூடவே சில பழைய தரவுத் தொகுப்புகளும் வந்து சேரும். அவற்றில் ஒன்றின் பெயர் ஆன்ஸ்கம்ப். திறந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. பதினொரு வரிகள், எட்டு நெடுவரிசைகள், அவ்வளவுதான். ஆனால் படம் வரையக் கற்றுக்கொள்பவர் முதலில் வரைந்து பார்க்க வேண்டியது இதைத்தான்.

இதை உருவாக்கியவர் பிரான்சிஸ் ஆன்ஸ்கம்ப். இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பேராசிரியராக இருந்தவர். எண்கள்தான் துல்லியமானவை, படம் என்பது குத்துமதிப்பு என்ற நினைப்பு அக்காலத்தில் பரவலாக இருந்தது. அதை உடைப்பதற்காக 1973-ல் நான்கு சின்னத் தொகுப்புகளைத் தந்தார். நான்கிலும் எக்ஸின் சராசரி 9. ஒய்யின் சராசரி 7.5. ஒட்டுறவுக் கெழு 0.82. பொருத்தப்படும் நேர்கோடும் ஒன்றே. எண்களை மட்டும் பார்ப்பவர் நான்கும் ஒன்றுதான் என்று சொல்லிவிடுவார்.

வரைந்து பார்த்தால் கதையே வேறு! முதல் படத்தில் புள்ளிகள் கோட்டைச் சுற்றி இயல்பாகச் சிதறியிருக்கும். இரண்டாவதில் அவை வில்லாக வளையும். மூன்றாவதில் ஒரே ஒரு புள்ளி விலகி நின்று, மற்றவற்றின் கோட்டைத் தன் பக்கம் இழுத்துவிடும். நான்காவதில் பத்துப் புள்ளிகள் ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்கும். தொலைவில் உள்ள பதினோராவது புள்ளிதான் மொத்த உறவையும் பொய்யாகக் காட்டும்.

ஆன்ஸ்கம்புக்கு ஜான் டூக்கி சகலை முறை. அக்கா தங்கையை மணந்தவர்கள். டூக்கியும் புள்ளியியல் அறிஞர்தான். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலும் பெல் ஆய்வகத்திலும் பணியாற்றியவர். முடிவு கட்டுவதற்கு முன் தரவைத் துருவிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. 1977-ல் வந்த அவருடைய புத்தகம்தான் 'பாக்ஸ் பிளாட்' என்ற பெட்டிப் படத்தைப் பரப்பியது.

ஆனால் துருவிப் பார்க்கக் கருவி வேண்டுமே? அன்று ஒரு சின்ன ஆய்வுக்குக்கூட ஃபோர்ட்ரானில் நிரல் எழுத வேண்டியிருந்தது. இந்தத் தொல்லையைத் தீர்க்க, பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸ், ரிக் பெக்கர் முதலியோர் 1976-ல் எஸ் என்ற மொழியைத் தொடங்கினார்கள். ஒரு கட்டளை தட்டு, விடையைப் பார், மாற்றித் திரும்பத் தட்டு என்பதே அதன் வழி.

1990-களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரண்டு ஆசிரியர்களுக்கு, மாணவர்களின் மெக்கின்டாஷ் கணினிக் கூடத்துக்கு நல்ல மென்பொருள் தேவைப்பட்டது. எஸ் மொழியைப் பின்பற்றித் தாங்களே ஒன்றை எழுதினார்கள். இருவர் பெயரின் முதலெழுத்தும் ஆர் என்பதால் மொழிக்கும் ஆர் என்றே பெயர். 1995-ல் அதைக் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டார்கள். 2000 பிப்ரவரி 29 அன்று 1.0.0 பதிப்பு வந்தது. வகுப்பறைக்காகப் பிறந்த மொழி, காசு கொடுக்க முடியாத மாணவர்களுக்கும் இப்படித்தான் கிடைத்தது.

வரையாமல் விட்டால் என்ன ஆகும்? சில சமயம் மதிப்பெண் மட்டும் போகாது. 1986 ஜனவரி 27 இரவு, சாலஞ்சர் விண்வெளி ஓடத்தை மறுநாள் கடுங்குளிரில் ஏவலாமா என்று தொலைபேசியில் விவாதம் நடந்தது. ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துவிடும் என்று பொறியாளர்கள் எச்சரித்தார்கள். அவர்களிடம் சான்று கேட்கப்பட்டது. பழுது ஏற்பட்ட பழைய பயணங்களை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். 12 டிகிரி செல்சியஸிலும் பழுது, 24 டிகிரியிலும் பழுது. குளிருக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பது போலத் தோன்றியது.

பழுதே ஏற்படாத பயணங்கள் கணக்கில் வரவில்லை. அவற்றையும் சேர்த்தால்? 18 டிகிரிக்குக் கீழே 4 பயணங்கள், நான்கிலும் பழுது. அதற்கு மேல் 20 பயணங்கள்; மூன்றில் மட்டும் பழுது. விபத்துக்குப் பிறகு விசாரணை ஆணையம் தன் அறிக்கையில் இரண்டு படங்களையும் வெளியிட்டது. குளிரின் கை எங்கே இருக்கிறது என்று யாருக்கும் புரியும். ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. ஜனவரி 28 அன்று, ஏவிய 73-வது வினாடியில் ஓடம் சிதறி ஏழு பேரும் மாண்டார்கள்.

குற்றம் முழுவதையும் ஒரு படத்தின் மேல் சுமத்த முடியாது. வேண்டாம் என்று சொன்ன பொறியாளர்களை மீறித்தான் மேலாளர்கள் சம்மதம் கொடுத்தார்கள். ஆனாலும் அந்த இரவில் எல்லாப் புள்ளிகளும் ஒரே தாளில் இருந்திருந்தால், பொறியாளர்களின் வாதத்துக்கு வலுக் கூடியிருக்கும்.

இன்று அந்தப் பயணங்கள் புள்ளியியல் வகுப்புகளில் பயிற்சிக் கணக்காகிவிட்டன. ஆர் மொழியில் 'பிளாட்' என்று ஒரு வரி எழுதினால் போதும், படம் வந்துவிடும். பிளாட், ஹிஸ்ட், பார்பிளாட், பாக்ஸ்பிளாட் ஆகிய நான்கு கட்டளைகளையும் ஒரே மாலையில் கற்றுவிடலாம். எந்தப் புள்ளியை விட்டுவிட்டோம் என்று கேட்கும் பழக்கம் மட்டும் எந்தக் கட்டளையிலும் வராது. அதை நாமேதான் பழகிக்கொள்ள வேண்டும்.