எழுத்துத் தெரியாத அப்பாவின் மகன்

சின்னப் பிள்ளைங்க கதைதானே என்று ஒதுக்கிவிடுகிறோம். யாரெல்லாம் மனுசங்க, யாரெல்லாம் கணக்கில் வராதவங்க என்பதை ஒரு பிள்ளையின் மனசில் முதலில் எழுதுவதே அந்தக் கதைகள்தான். இதைத் தன் வாழ்க்கையிலேயே பட்டுத் தெரிந்துகொண்டு, நாற்பத்தைந்து வருசம் எழுத்தால் மல்லுக்கட்டியவர் கறுப்பின எழுத்தாளர் வால்ட்டர் டீன் மையர்ஸ்.

1937இல் அமெரிக்காவின் மேற்கு வெர்ஜீனியாவில், ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். விவரம் தெரியும் முன்பே தாய் இறந்துபோனார். பிள்ளையை நியூயார்க்கின் ஹார்லெமில் வளர்த்தவர்கள் ஹெர்பெர்ட் டீன், ஃபுளாரன்ஸ் டீன் தம்பதியர். பெயரின் நடுவிலுள்ள 'டீன்', அந்த நன்றிக்காக அவரே பிற்பாடு சேர்த்துக்கொண்டது. பள்ளிக்குப் போகும் முன்னமே வளர்த்த அம்மா வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார்.

பேச்சு சரியாக வராது. மற்ற பிள்ளைகள் கேலி பண்ணுவார்கள், இவர் அடித்துவிடுவார். 'போக்கிரிப் பயல்' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. அந்தப் போக்கிரிதான் யாருக்கும் தெரியாமல் புத்தகம் புத்தகமாக வாசித்துத் தள்ளினான். கல்லூரியில் படிக்கவைக்க வீட்டில் வசதியில்லை என்று தெரிந்ததும் படிப்பில் பிடிப்பு விட்டுப்போச்சு. பள்ளியை விட்டார். 17 வயதில் ராணுவத்தில் சேர்ந்தார். திரும்பி வந்து கிடைத்த வேலையெல்லாம் செய்தார்.

வாசித்த புத்தகங்களில் ஹார்லெம் இல்லை. தன் தெரு, தன் சனம் இல்லை. நம்ம வாழ்க்கை எழுதத் தகுந்ததில்லை போல என்ற எண்ணம் உள்ளே இறங்கிவிட்டது. ஜேம்ஸ் பால்ட்வின் எழுதிய ஹார்லெம் கதை ஒன்றை வாசித்தபோதுதான், தன் மண்ணை எழுதத் தனக்கு அனுமதி கிடைத்த மாதிரி இருந்ததாக அவரே பதிவு செய்திருக்கிறார். 1968இல், கறுப்பின எழுத்தாளர்களுக்கான ஒரு போட்டியில் வென்றார். 1969இல் முதல் புத்தகம் வந்தது.

அதே 1968இல்தான் அண்ணன் வழியில் ராணுவத்துக்குப் போன தம்பி வியட்நாமில் செத்துப்போனான். இருபது வருசம் கழித்து, 1988இல், அந்தச் சாவு 'ஃபாலன் ஏஞ்சல்ஸ்' நாவலாக வந்தது. ஹார்லெம் பையன் ஒருவன் அந்தப் போரில் என்ன ஆகிறான் என்பதே கதை. 1999இல் வந்த 'மான்ஸ்டர்' நாவலில், கொலை வழக்கில் சிக்கிய 16 வயதுக் கறுப்புப் பையன் தன் விசாரணையைத் தானே சினிமாத் திரைக்கதையாக எழுதுகிறான். அரசு வழக்கறிஞர் அவனை அரக்கன் என்கிறார். நாம மனுசன்தானா என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. அடுத்தவன் சூட்டிய பெயர் உள்ளே போய் உட்கார்ந்துகொள்வதைவிடக் கொடிய சிறை எது? இளையோர் இலக்கியத்துக்கான பிரின்ட்ஸ் விருது தொடங்கப்பட்ட 2000இல், முதல் விருது இந்நாவலுக்கே கிடைத்தது.

நூறு புத்தகத்துக்கு மேல் எழுதினார். ஆனாலும் 2014 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸில் அவர் கேட்ட கேள்வி, சிறுவனாக இருந்தபோது கேட்ட அதே கேள்விதான்: நம்ம பிள்ளைங்க புத்தகத்தில் எங்கே? 2013இல் வெளியான சிறுவர் நூல்கள் சுமார் 3,200. கறுப்பர்களைப் பற்றியவை வெறும் 93. அந்தக் கணக்கை முன்வைத்த நாலே மாதத்தில், 2014 ஜூலை 1இல், இறந்துபோனார்.

ஒன்று சொல்லாமல் முடிக்க முடியாது. தன் புத்தகங்களைப் பற்றி வளர்த்த அப்பா ஒரு வார்த்தை பேசியதில்லை என்ற மனத்தாங்கல் மையர்ஸுக்கு ரொம்ப நாளாக இருந்தது. அப்பா இறந்த பிறகு அவருடைய காகிதங்களைப் பார்த்தபோதுதான் விசயம் புரிந்தது. கையெழுத்துக்குப் பதிலாக ஒரு பெருக்கல் குறி. அவருக்கு வாசிக்கத் தெரியாது. மகன் எழுதிய எதையும் அவரால் படிக்க முடிந்ததில்லை.

'வாசிப்பது நம் விருப்பத்துக்கு விட்ட காரியமல்ல' என்பதைத்தான், 2012இல் அமெரிக்காவின் சிறுவர் இலக்கியத் தூதரானபோது மையர்ஸ் தன் முழக்கமாக வைத்தார். அது அலங்கார வார்த்தை இல்லை. அந்தப் பெருக்கல் குறியைப் பார்த்தவனின் வார்த்தை.