அமைதிப் பணியில் செயற்கை நுண்ணறிவு

மலைப்பொழிவில் நம் ஆண்டவர், அமைதிக்காக உழைப்பவர்களைக் கடவுளின் மக்கள் என அழைத்தார். அந்த உழைப்பில் இன்று கணினியும் ஒரு கருவியாகச் சேர்ந்துள்ளது. 2024 சனவரி முதல் நாளில் சிறப்பிக்கப்பட்ட 57வது உலக அமைதி நாளுக்கு, செயற்கை நுண்ணறிவும் அமைதியும் என்பதையே தலைப்பாகத் தேர்ந்தெடுத்தார் திருத்தந்தை பிரான்சிஸ். இக்கருவி அமைதிக்கு எதுவரை துணைவரும் என்பதை நாமும் அறிந்திருப்பது நல்லது.

பலரின் குரலைக் கேட்க

2011ஆம் ஆண்டில் கடாஃபியின் ஆட்சி வீழ்ந்தபின் லிபியா நாடு உள்நாட்டுப் போரில் சிதறுண்டது. 2020 அக்டோபர் 23ஆம் தேதி ஜெனீவாவில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. கொரோனா பரவிய காலமாதலால் மக்களை ஓரிடத்தில் கூட்ட இயலவில்லை. அப்போது லிபியாவில் ஐ.நா. பணிக்குப் பொறுப்பேற்றிருந்த ஸ்டெபனி வில்லியம்ஸ், ஏறத்தாழ 1,000 பேர் ஒரே நேரத்தில் பங்கேற்ற இணையவழி உரையாடல்களை நடத்தினார். மக்கள் தங்கள் பேச்சு வழக்கிலேயே பதில் எழுத, கணினி அவற்றுள் ஒத்த கருத்துகளை ஒன்றுசேர்த்து, எதற்கு எவ்வளவு பேர் உடன்படுகின்றனர் என்பதை உடனுக்குடன் காட்டியது. வழக்கமாகத் துப்பாக்கி ஏந்தியவர்களின் குரல் மட்டுமே கேட்கும் அமைதிப் பேச்சுவார்த்தையில், சாதாரண மக்களின் குரலும் கேட்டது. ஏமன் நாட்டிலும் அதே ஆண்டு சூனில் இம்முறை பயன்பட்டது.

ஆயினும், லிபியாவில் 2021 டிசம்பர் 24ஆம் தேதி நடப்பதாக இருந்த தேர்தல் நடைபெறவில்லை. மக்கள் விரும்புவது என்ன என்பதைக் கணினி தலைவர்களுக்குக் காட்ட முடிந்தது. அதை ஏற்கும் மனத்தை அவர்களுக்குத் தர அதனால் முடியவில்லை.

இரு முனையுள்ள வாள்

சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகமும் நார்வேயின் ஓஸ்லோ அமைதி ஆய்வு நிறுவனமும் இணைந்து நடத்தும் திட்டம் ஒன்று, வன்முறை எங்கே வெடிக்கக்கூடும் என்பதை மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே கணிக்க முயல்கிறது. முன்னெச்சரிக்கை உயிர்களைக் காக்கும். ஆனால் கணினியின் மற்றொரு முகத்தையும் நாம் கண்டிருக்கிறோம். 2018 மார்ச்சில் இலங்கையின் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிராக வன்முறை வெடித்தபோது, வெறுப்புப் பதிவுகள் முகநூலில் வேகமாகப் பரவின. தங்கள் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்காக அந்நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. அதற்குள் வீடுகளும் கடைகளும் எரிந்துவிட்டன.

இன்னும் சில கேள்விகளும் உண்டு. இணைய வசதியற்ற ஏழைகளின் குரலை யார் கேட்பது? துணிந்து கருத்துச் சொன்னவரின் விவரங்கள் எதிரியின் கையில் சிக்கினால் அவருக்குப் பாதுகாப்பு எது? ஓர் உயிரைப் பறிக்கும் முடிவை எந்த இயந்திரத்திடமும் ஒப்படைக்கக்கூடாது என்று 2024 சூனில் ஜி7 தலைவர்களிடம் திருத்தந்தை பிரான்சிஸ் வலியுறுத்தியதையும் நாம் மறக்கலாகாது.

மனிதர் செய்ய வேண்டியது

மொசாம்பிக் நாட்டை 16 ஆண்டுகள் வாட்டிய உள்நாட்டுப் போர், 1992 அக்டோபர் 4ஆம் தேதி, அசிசியின் புனித பிரான்சிஸ் திருநாளன்று, உரோமையில் முடிவுக்கு வந்தது. சான் எஜிடியோ குழுமமும் பெய்ரா பேராயர் ஜெய்மி கொன்சால்வெசும் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக எதிரிகளை ஒரே மேசையில் அமர்த்திப் பொறுமையோடு பேசவைத்ததன் பயன் அது. ஒருவரையொருவர் நம்புவதற்கு அத்தனை காலம் தேவைப்பட்டது.

கருத்துகளைத் தொகுக்கவும், மொழிபெயர்க்கவும், எச்சரிக்கவும் இயந்திரத்தால் இயலும். மன்னிப்புக் கேட்பதும், மன்னிப்பதும், கொடுத்த வாக்கைக் காப்பதும் மனிதரின் பொறுப்பு. குற்றம் செய்த சகோதரரிடம் தனியே சென்று பேசுமாறு இயேசு நமக்குக் கற்பித்தார். நம் குடும்பங்களிலும் அன்பியங்களிலும் மனத்தாங்கல் எழும்போது, கைப்பேசியில் வந்த செய்தியை அடுத்தவருக்கு அனுப்பும் முன், உரியவரின் வீட்டிற்கு நாமே நடந்து செல்வோம். ஒப்புரவு அங்கே தொடங்கட்டும்.