மெட்டை உதறியும் வாழும் சொல்: திரைப்பாடலாசிரியர்களின் சொல்லமைப்பு குறித்து

1959 அக்டோபர் 8 அன்று பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் மறைந்தபோது அவருக்கு வயது 29. அவர் பாட்டு எழுதிய அரசிளங்குமரி, திருடாதே ஆகிய இரு படங்களும் அதன் பிறகு, 1961-இல்தான் திரைக்கு வந்தன. அந்தப் படங்களின் கதையை முழுதாகச் சொல்லக்கூடியவர்கள் இன்று அரிது. ஆனால் அவற்றில் சிறுவனுக்கு அறிவுரையாக வரும் பாட்டுகளின் அடிகள் இன்னும் வீட்டுப் பேச்சில் புழங்குகின்றன. பேரனைக் கண்டிக்கும் தாத்தா அவற்றைப் பாடுவதில்லை, சொல்கிறார். பாதிப்பேர் அவற்றை ‘எம்.ஜி.ஆர். பாட்டு’ என்கிறார்கள், வேறு சிலர் கண்ணதாசன் பாட்டு என்கிறார்கள். எழுதியவன் பெயர் உதிர்ந்துவிட்டது, நடித்த கதை உதிர்ந்துவிட்டது, சில நேரம் மெட்டும் உதிர்ந்துவிட்டது. சொல் மட்டும் நிற்கிறது.

ஏன் நிற்கிறது என்ற கேள்விக்குத் திறனாய்வாளர்கள் வழக்கமாகத் தரும் விடை ‘கருத்து’. பொதுவுடைமைக் கருத்து, தத்துவக் கருத்து, காதலின் மென்மை என்று பாடலாசிரியர்களைப் பிரித்து அடுக்குவதே பல ஆய்வேடுகளின் அமைப்பு. இந்த விடை போதாது. உழைப்பின் பெருமையையும் வாழ்வின் நிலையாமையையும் சொன்ன திரைப்பாட்டுகள் ஏராளம். அவற்றில் பெரும்பகுதி மறக்கப்பட்டுவிட்டது. ஒரே கருத்தைச் சொன்ன இரண்டு பாட்டுகளில் ஒன்று தங்கி மற்றொன்று போய்விட்டதென்றால், தங்கியதற்கான காரணத்தைக் கருத்துக்கு வெளியேதான் தேட வேண்டும். அது தமிழ்மொழியின் ஒலியமைப்பிலும் தொடரமைப்பிலும் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மெட்டும் குரலும் வானொலியும்தான் காரணம் என்று ஒருவர் மறுக்கலாம். அந்த மறுப்பில் உண்மை உண்டு. பி.வி. கேஸ்கர் 1952-இல் ஒன்றிய அமைச்சரான பின் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டு ஏறக்குறைய நின்றுபோனது; தமிழ்நாட்டு வீடுகள் இலங்கை வானொலிக்கு முள்ளைத் திருப்பின. டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் ஒவ்வொரு மெய்யெழுத்தையும் தெளிவாக உச்சரித்துப் பாடியதால் சொல் சிதையாமல் காதுக்கு வந்தது. ஆனால் ஒரே குரலில், ஒரே வானொலியில், ஒரே அளவுக்கு ஒலித்த பாட்டுகளிலும் சிலவற்றின் மெட்டு மட்டுமே நினைவிருக்கிறது. சொல்லுக்கு வந்ததும் வாய் முணுமுணுக்கிறது. அதனால் சோதனையை இப்படி வைத்துக்கொள்வது நல்லது: மெட்டை நீக்கிய பிறகும் ஒரு வரி பேச்சில் பிழைக்கிறதா?

திரைப்பாட்டில் பெரும்பாலும் மெட்டு முதலில் வரும், சொல் பிறகு வரும். இசையமைப்பாளர் தத்தகாரமாகப் பாடிக் காட்டுவதைப் பாடலாசிரியர் சொல்லால் நிரப்புவார். இதைத் தமிழ்க் கவிஞனின் சுதந்திரத்துக்கு வந்த கேடு என்று வருந்துவோர் அருணகிரிநாதரை மறந்துவிடுகிறார்கள். திருப்புகழின் ஒவ்வொரு பாட்டுக்கும் ‘தனதன தான’ போன்ற சந்தக் குழிப்பு உண்டு. அந்தக் குழிக்குள் சொல் துல்லியமாக விழுந்தாக வேண்டும். குழி இருப்பது குறையாகாது. அதில் எதைப் போடுவது என்பதில்தான் திறமை வெளிப்படுகிறது.

இங்கே தமிழுக்கே உரிய ஓர் இடர் இருக்கிறது. தமிழில் குறிலும் நெடிலும் பொருளை மாற்றிவிடும். ‘விடு’ என்பதை மெட்டு இழுத்தால் ‘வீடு’ ஆகிவிடும். ‘படம்’ ‘பாடம்’ ஆகும். ‘கல்’ ‘கால்’ ஆகும். சொல்லின் ஈற்றில் வரும் குற்றியலுகரமோ அரை மாத்திரைக்கு மேல் தாங்காது. அதன்மேல் நீண்ட சுரம் விழுந்தால் பேச்சில் இல்லாத ஓர் ஓசை பிறந்து சொல் அந்நியமாகிறது. எனவே சுரம் நிற்கும் இடத்தில் நெடில் நிற்க வேண்டும், சுரம் ஓடும் இடத்தில் குறில் ஓட வேண்டும். இதைச் செய்தவர்களின் வரியைப் பாடினாலும் பேசினாலும் மாத்திரைக் கணக்கு மாறுவதில்லை. அதனால்தான் மெட்டைக் கழற்றினாலும் அந்த வரி குலைவதில்லை.

தமிழ் இலக்கணமே இதற்கு வழி செய்து வைத்திருக்கிறது. விளிக்கும்போது பெயரின் ஈறு நீள்கிறது: கண்ணன் ‘கண்ணா’ ஆகிறான், மகள் ‘மகளே’ ஆகிறாள். தொல்காப்பியம் விளிமரபு என்று ஓர் இயலையே இதற்கு ஒதுக்கியது. திரைப்பாட்டில் இத்தனை பேர் இத்தனை பேரை விளிப்பதை வெறும் வழக்கம் என்று தள்ள முடியாது. பல்லவியின் ஈற்றில் பாடகர் நின்று நீட்டுவதற்கு இயல்பான நெடில் கிடைக்கும் இடம் அது. ஏவல் வினையும் அப்படித்தான். நட, எழு, பார் என்று வேர்ச்சொல்லாகவே நிற்பதால் அதைவிடச் சுருங்கிய வினை தமிழில் இல்லை. அதன் எதிர்மறையோ ‘ஓடாதே’, ‘அஞ்சாதே’ என்று அடுத்தடுத்த இரண்டு நெடிலில் முடிகிறது. ஒரு கட்டளை, ஒரு முழு வாக்கியம், நீட்டிப் பாட இரண்டு உயிர்: மூன்றும் ஒரே சொல்லில். பட்டுக்கோட்டையார் சிறுவரையும் தம்பியையும் முன்னிறுத்திப் பாடிய பாட்டுகளில் இந்த வடிவம் திரும்பத் திரும்ப வருகிறது. திருடாதே படத்தின் பெயரே அந்த வடிவம்தான்.

எதுகைக்கும் மோனைக்கும் நாம் தரும் விளக்கம் பெரும்பாலும் அழகு சார்ந்தது. நினைவு சார்ந்த விளக்கம் இன்னும் வலுவானது என்று தோன்றுகிறது. பாட்டை மறப்பவர் அடியின் நடுவில் மறப்பதில்லை, அடுத்த அடியின் தொடக்கத்தில் மறக்கிறார். இயைபு அடியின் ஈற்றில் வருவதால், அடியைச் சரியாகப் பாடி முடித்தவருக்கே அது கிடைக்கும். அடியெதுகையோ அடுத்த அடியின் முதற்சீரிலேயே நிற்கிறது. தடுமாறும் இடத்திலேயே வந்து கைகொடுக்கிறது. ஏடும் எழுத்தும் இல்லாமல் வயல்வெளியில் பாடியவர்கள் நீண்ட பாட்டுகளைத் தலைமுறை தலைமுறையாகக் கடத்தியது இந்தத் துணையோடுதான்.

பட்டுக்கோட்டைக்கு அருகே செங்கப்படுத்தான்காட்டில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் கல்யாணசுந்தரம். பாரதிதாசனிடம் இருந்து பயின்றவர், பொதுவுடைமைக் கட்சி ஏடான ஜனசக்தியில் எழுதியவர். வயற்பாட்டு, புலவரின் யாப்பு, கட்சி மேடை என்ற மூன்றும் அவரிடம் சேர்ந்தன. நாடோடி மன்னன் (1958) படத்தில் உழைப்பவனுக்குப் பலன் ஏன் சேரவில்லை என்று ஆணும் பெண்ணும் மாறி மாறிக் கேட்டுப் பாடும் பாட்டை இந்த நோக்கில் பார்க்க வேண்டும். நடவிலும் ஏற்றத்திலும் ஒருவர் எடுக்க மற்றவர் தொடுக்கும் பழைய முறை அது. கேள்வி நினைவிருந்தால் பதில் தானே வரும். இரும்புத்திரை (1960) படத்தில் கைக்கு வந்த கூலி பைக்குப் போகுமுன் கரைவதைப் பாடிய பாட்டும் சம்பள நாளன்று எந்த வீட்டிலும் பேசக்கூடிய வாக்கியத்தில் தொடங்குகிறது. அவர் கருத்தைச் சுமக்கும் சொல்லைத் தேடி அலைந்ததாகத் தெரியவில்லை. மக்கள் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த வாக்கியத்துக்குள் கருத்தைக் குடிவைத்தார்.

கண்ணதாசன் இன்னொரு வகை. அவர் பாட்டைச் சொல்லிக்கொண்டே போவார், உடனிருந்த பஞ்சு அருணாசலம் எழுதிக்கொள்வார். தாளில் அடித்துத் திருத்தி எழுதும் கவிஞனுக்கும் வாயால் சொல்லும் கவிஞனுக்கும் வேறுபாடு உண்டு: வாயில் சிக்கும் சொல் முதலிலேயே விலகிவிடும். அவருடைய சரணங்களில் எழுவாயும் பயனிலையும் மெட்டின் ஒரு வீச்சுக்குள் சேர்ந்து முடிவது இதனால்தான் என்று கருத இடமிருக்கிறது. பாத காணிக்கை (1962) படத்தில் நிலையாமையைப் பாடும் பாட்டுக்கு மூலம் பட்டினத்தார் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படுவதுதான். அதைத் தழுவல் என்று சொல்லி நிறுத்துவோர் அதன் வரிசையைக் கவனிப்பதில்லை. வீட்டிலிருந்து சுடுகாடு வரை இறுதி ஊர்வலம் போகும் வழியே அந்தப் பல்லவியின் ஒழுங்கு. எந்த உறவு எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதே அதன் அடுக்கு. கேட்பவர் அந்த வழியில் நடந்தவர். வழி தெரிந்தவருக்கு வரி மறக்காது. சாவு வீட்டில் அந்த அடிகளைச் சொல்பவர் எவரும் ராகமிட்டுச் சொல்வதில்லை. பாடலாசிரியருக்கென்று தேசிய விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது, குழந்தைக்காக (1968) படத்துக்காக அதைக் கண்ணதாசன் பெற்றார். ஆனால் அவருக்குக் கிடைத்த பெரிய ஏற்பு சாவு வீடுகளில் கிடைத்தது.

இந்த வாதத்துக்கு அடங்காதவர்களும் இருக்கிறார்கள். பாபநாசம் சிவன் ஹரிதாஸ் (1944) படத்துக்கு எழுதியவை கீர்த்தனையின் மொழியில் அமைந்தவை. அவை வாழ்வது ராகத்தோடு சேர்ந்துதான். வைரமுத்து நிழல்கள் (1980) படத்தில் ஒரு மாலைப் பொழுதைப் பாடி அறிமுகமானபோது, பேச்சு வாக்கியத்தைவிட உருவகமே முன்னால் நின்றது. அவருடைய நல்ல வரிகள் படமாக நினைவில் இருக்கின்றன. பேச்சில் பழமொழிபோலப் புழங்குவது குறைவு. இரண்டும் நினைவுதான், ஆனால் வெவ்வேறு நினைவு. அவருக்குப் பின் வந்த நா. முத்துக்குமார் மீண்டும் வீட்டு வாக்கியத்துக்குத் திரும்பினார். தங்க மீன்கள் (2013), சைவம் (2014) ஆகிய படங்களுக்காக அவருக்கு அடுத்தடுத்துத் தேசிய விருது பெற்றுத்தந்த பாட்டுகளில் அருஞ்சொல் தேட வேண்டியதில்லை. வீட்டுக்குள் புழங்கும் சொற்களே போதுமாயின. பட்டுக்கோட்டையாரைப் போல அவரும் இளமையிலேயே, 41 வயதில், 2016-இல் மறைந்தார்.

திரைப்பாட்டைக் கவிதைத் தொகுப்பாக அச்சிட்டு, மெட்டைப் பிரித்து, கருத்தை மட்டும் எடுத்து ஆராயும் முறையை இனித் தமிழ்த்துறைகள் கைவிட வேண்டும். எந்த எழுத்தில் எந்தச் சுரம் நிற்கிறது என்று குறிக்காத பதிப்பு பாடலாசிரியரின் வேலையில் பாதியை மறைத்துவிடுகிறது. சரியான பதிப்புக்கு முதல் ஆவணம், திரையரங்க வாசலில் ஒரு காலத்தில் சில்லறைக் காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள். எழுதியவர் பெயரோடு பாட்டு அச்சானது அவற்றில்தான். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அத்தகைய புத்தகங்களைச் சேர்த்துப் பாதுகாக்கிறது. பழைய வீடுகளின் பரணில் இன்னும் எத்தனையோ மக்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் எடைக்குப் போடும் முன் ஒரு நூலகத்துக்குத் தெரிவிக்க வேண்டுகிறோம்.